பதினொரு மணிக்கு இறங்கிய காடு

ஹின்டர்மாட் என்ற மலையூரில் பதினொரு மணிக்குத் தேவாலய மணி அடிக்கத் தொடங்கியதும் ஊருக்கு மேலே நின்ற காடு ஏழு காலடி தூரம் கீழே இறங்கி வந்ததை முதலில் கண்டவர் குணநாயகம்தான், ஆனால் அன்று அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் நூற்றுநாற்பத்தேழாம் இலக்க மரத்தின் நெஞ்சு உயரத்தில் கலிப்பரின் இரண்டு இரும்புத் தாடைகளையும் பொருத்தி அவர் விட்டத்தை வாசிக்கப்போன கணத்தில்தான் அந்த மரம் தாடைகளுக்குள்ளிருந்து மெல்ல நழுவி, இடுப்பில் நிறைகுடம் வைத்த பெண் படியிறங்குவது போல ஒவ்வொரு வேராக எடுத்து வைத்து இறங்கிப் போனது, அவருக்கோ தான் அளவைப் பிழையாக எடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.

குணநாயகத்துக்கு ஐம்பத்துநான்கு வயது. வன்னியிலிருந்து வந்து, மூன்று முகாம்களில் இருந்து, ஒரு உணவகத்தில் நான்கு வருடம் கோப்பை கழுவி, கடைசியில் மலைக்காடுகள் எப்படி நிற்கின்றன, என்ன வேகத்தில் வளர்கின்றன, எதை வெட்டி எதை விட்டால் தொடர்ந்து நிற்கும் என்று ஆராய்கிற ஒரு நிலையத்துக்கு அளவெடுக்கும் ஆளாக வந்து சேர்ந்தவர். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அதே மரங்களை அதே உயரத்தில் அளக்க வேண்டும், உயரம் தவறாதிருக்க ஒவ்வொரு மரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்கு மேலே இலக்கத் தகடு. ஹின்டர்மாட்டில் அவருடைய அளவுத் துண்டில், அளப்பதற்கென்று எல்லைக்கல் நட்டு ஒதுக்கிய நிலத்தில், நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள் இருந்தன, இது அவருக்கு மூன்றாவது சுற்று, ஆகவே அந்த மரங்களை அவர் சொந்தக்காரரை அறிவது போல அறிவார். எது இடியில் பிளந்தது, எதற்கு மான் பட்டை உரித்தது, எது பக்கத்து மரம் வெட்டப்பட்டு வெளிச்சம் கிடைத்ததும் ஐந்து வருடத்தில் கொழுத்தது, எல்லாம் தெரியும்.

அந்த மாதிரிக் காட்டுக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு, தமிழில் காவல்காடு என்று சொல்லலாம். மேலே மலைமுகட்டில் பனி சேர்ந்து சரிந்து வந்தால் ஊரை மூடாதபடி நடுவிலே நிற்பது அதன் வேலை. கிழ மரமும் நடுவயது மரமும் குஞ்சு மரமும் கலந்துதான் நிற்க வேண்டும், எல்லாம் ஒரே வயதாக இருந்தால் எல்லாம் ஒன்றாகச் சாகும், ஊர் ஒரு நாளில் காவலின்றிப் போகும். ஆகவே குஞ்சுகளுக்கு வெளிச்சம் விழும்படி சில வருடங்களுக்கு ஒரு தடவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழ மரங்களைத் தேர்ந்து வெட்டுவார்கள். இதெல்லாம் குணநாயகத்துக்குப் பிடித்த விடயங்கள். காவல் என்ற சொல் மட்டும் பிடிக்காது, அந்தச் சொல் வருகிற படிவங்களில் அவர் கையெழுத்து எப்போதும் சற்றுக் கோணலாகவே விழும்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கும் காடு இறங்கியது. மூன்றாம் நாள் ஊரே பார்த்தது. ஊர்த்தலைவர் மெல்கியோர், பதினாறு மாடுகளும் ஒரு தேய்ந்த முழங்காலும் உள்ளவர், வேலியில் சாய்ந்து நின்று கடைசி மணி ஓயும் வரை பார்த்துவிட்டு, "நடக்கிறது நடக்கட்டும், வேலியை மட்டும் மிதிக்கப்படாது," என்றார். மரங்கள் வேலியை மிதிக்கவில்லை. வேலிக் கம்பிக்கு மேலாக வேரைத் தூக்கி, அந்தப் பக்கம் வைத்து, பின்வேரையும் இழுத்துக்கொண்டு வந்தன. மெல்கியோர் பேசியது அந்த மலைக்கே உரிய ஜெர்மன், ஆனால் பத்து வருடம் அந்த ஊரில் இருந்துவிட்ட குணநாயகத்தின் காதில் அவர்களுடைய பேச்சு எப்போதோ தன் ஊர்ப் பேச்சாக மாறிவிட்டிருந்தது.

ஒரு கிழமைக்குள் ஊர் பழகிப்போனது. பதினொரு மணி அந்த ஊரில் பெண்கள் வயலிலிருந்து திரும்பி உலை வைப்பதற்காக முந்நூறு வருடமாக அடிக்கிற மணி, இப்போது அது பிள்ளைகளை மேல் பாதையிலிருந்து உள்ளே கூப்பிடுகிற மணியாகவும் ஆனது. தபால்காரப் பெண் தன் சுற்றைப் பத்தேமுக்காலுக்கு முன்னே முடித்துக்கொண்டாள். வெதுப்பகத்தில் சுட்ட பாணுக்குப் பிசின் மணம் ஏறியது, இரண்டு பேர் குறை சொன்னார்கள், நான்கு பேர் நல்லது என்றார்கள். பாதிரியார் மணியை நிறுத்திப் பார்க்கச் சம்மதித்தார். அன்று மரங்கள் தேவாலய மணிக்குப் பதிலாக மாட்டு மணிக்கு நடந்தன, பள்ளிக்கூட மணிக்கு நடந்தன, யாரோ ஒருவரின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்ததற்கும் இரண்டு காலடி வைத்தன. பகல் முழுக்க எந்த நேரம் எந்த மரம் எங்கே வரும் என்று தெரியாமல் ஊர் திணறியது, மறுநாளே மணி பழையபடி பதினொரு மணிக்கு அடித்தது.

பிறகு கடிதங்கள் வந்தன. காட்டின் விளிம்புக்கும் வீட்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று சட்டம், காடு வீட்டை நெருங்கியதால் மேல்வரிசை வீடுகள் பதினொன்றும் சட்டத்தை மீறியவையாகிவிட்டன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் விலக்குக் கோரி ஒரு படிவம் நிரப்பினார், அடுத்த கிழமை காடு இன்னும் நெருங்கியதால் புதுத் தூரம் போட்டு இன்னொரு படிவம் நிரப்பினார். குணநாயகத்தின் நிலையத்திலிருந்தும் பதில் வந்தது. அளவுத் துண்டு என்பது நிலம், மரங்கள் அல்ல, ஆகவே பதிவு செய்யப்பட்ட எல்லைக்குள் நிற்பதை மட்டும் அளக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அவர் மேலே ஏறிப் போனார். எல்லைக் கற்கள் நான்கும் அப்படியே இருந்தன. நடுவே பிடுங்கப்பட்ட பல்லின் குழி போல நானூற்றுப் பன்னிரண்டு குழிகள், குழிகளில் தண்ணீர், தண்ணீரில் வானம். அவர் படிவத்தில் எழுதினார். நிற்பவை: பூச்சியம். இறந்தவை: பூச்சியம்.

அந்தக் குழிகளுக்கு நடுவே நின்றபடி அவர் முதன்முதலாக மேலே பார்த்தார். முகட்டுக்கும் அவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

மாலை வீட்டுக்கு வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல், மனைவி பத்மலோசனியிடம் கேட்டார்.

"லோசனி, கொஞ்ச நாளைக்கு சூரிச்சில உம்மட தங்கச்சி வீட்டை போய் நிப்பமே?"

"ஏன், அவளின்ர பெடியளின்ர சத்தம் கேளாமல் காது ஏங்குதோ உங்களுக்கு?"

"காடு இறங்குது."

"இறங்கட்டும். இறங்கிற காடு என்னட்டை என்ன கேட்டது?" அவள் லீக்ஸ் தண்டுகளை மெல்லிய வட்டங்களாக அரிந்துகொண்டிருந்தாள், கத்தி நிற்கவில்லை. "இஞ்சருங்கோ, நான் மூண்டு தரம் ஓடினனான். மூண்டு தரமும் அடுப்பை அணைச்சுப்போட்டுத்தான் ஓடினனான், உலை கொதிக்கக் கொதிக்க. நாலாவது அடுப்பை அணைக்க எனக்கு ஏலாது. பனி வந்தால் பனிக்குள்ள கிடப்பம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து சோற்றைப் பிசையும்போதும் அவர் காது மலைமுகட்டிலேயே இருந்தது.

ஐப்பசி நடுவில் காட்டின் முன்வரிசை மேல்வீடுகளின் முற்றத்தைத் தொட்டது. நூற்றுநாற்பத்தேழு, குணநாயகம் வீட்டுச் சமையலறை யன்னலிலிருந்து பத்துக் காலடியில் வந்து நின்றது. அன்று காட்டுப் பொறியியலாளர் ரெகுலா, நாற்பது வயதுப் பெண், அந்தப் பள்ளத்தாக்கின் காடுகளெல்லாம் அவள் பொறுப்பு, பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரைக் கூட்டிச் சொன்னாள். காடு ஊருக்கு மேலே எங்கே நின்றாலும் அது காவல்தான். ஊரைத் தாண்டிக் கீழே போய்விட்டால் அதற்குப் பிறகு ஊர்தான் காட்டுக்குக் காவல். ஆகவே முன்வரிசையில் தடித்த மரங்களாகப் பார்த்து நாற்பத்தொன்றைத் தேர்ந்து, உருக்குக் கம்பிவடம் சுற்றிப் பாறையில் ஆணி இறக்கிக் கட்ட வேண்டும், முன்வரிசை நின்றால் பின்வரிசை நிற்கும். கைகள் உயர்ந்தன. அறுபத்தொரு கை ஆம், ஒன்பது கை இல்லை. குணநாயகத்துக்கு அந்த ஊரில் வாக்கு இல்லை, ஆகவே அவர் கை மடியிலேயே கிடந்தது, வாக்கு இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று அவர் தன்னைத் தானே கேட்டுக்கொண்டார், பதில் வருவதற்கு முன்னே எழுந்து வெளியே போய்விட்டார்.

கட்டும் வேலை அவருக்குத்தான் வந்தது. இலக்கங்கள் அவருக்குத் தெரியும், முடிச்சுகளும் தெரியும். இரண்டு நாளில் அவரும் இன்னும் இரண்டு பேரும் நாற்பத்தொரு மரத்தையும் கட்டி முடித்தார்கள். நூற்றுநாற்பத்தேழைக் கடைசிக்கு வைத்திருந்தார். வடம் தான் மூன்று தடவை கலிப்பர் வைத்த அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே விழுவதைப் பார்த்தார், அதை ஒரு சாண் மேலே தள்ளிவிட்டுத்தான் இறுக்கினார், அப்படித் தள்ளியதால் என்ன மாறிவிட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மணி அடித்தது. நாற்பத்தொரு வடமும் விறைத்தன. மரங்கள் முன்னே சாய்ந்தன, வேர்நுனிகள் மண்ணைக் கீறின, வடம் பட்டைக்குள் இறங்கிப் பிசின் வழிந்தது, வடங்கள் எல்லாம் ஒரே சுருதியில் இரைந்தன, அந்த இரைச்சல் கேட்பவரின் பல்லுக்குள் போய்க் கூசியது. ஊர் அதற்கும் பழகியது. பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க எல்லா வீட்டிலும் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். நாய்களைக் கீழறையில் அடைத்தார்கள். மணி ஓய்ந்ததும் வானொலியைக் குறைத்து, ஒருவரையொருவர் பாராமல் உலை வைத்தார்கள்.

கட்டாத மரங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, அவை போயிருக்கலாம், கட்டிய மரங்களுக்கு இடையில் வழி தாராளமாகவே இருந்தது. அவை போகவில்லை. கட்டுண்ட மரங்களைச் சூழ வந்து நின்றன. குணநாயகம் தினமும் ஏறிப் போய் எது எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்தார், ஆறாம் நாள் வரைபடத்தை மேசையில் விரித்து, குறித்த புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்துப் பார்த்தார். குஞ்சு மரங்கள் எல்லாம் நடுவே. அவற்றைச் சுற்றி நடுவயது மரங்கள். வெளியே, முகட்டுப் பக்கமாக முதுகைக் கொடுத்து, கிழ மரங்கள். எந்தக் காட்டிலும் எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு அமைப்பு இல்லை. ஆனால் அவர் அதைக் கண்டிருக்கிறார், மரங்களில் அல்ல.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ரெகுலாவிடம் போனார்.

"இதைப் பாருங்கோ. இது நிக்கிற காடில்லை. ஓடுற சனம் இப்பிடித்தான் போறது. பிள்ளையளை நடுவில விட்டு."

ரெகுலா வரைபடத்தைக் கையில் வாங்கினாள். "குணா, உம்மட படிவத்தில எத்தினை கட்டம் இருக்கு?"

"இருவத்திரண்டு."

"அதில பயத்துக்கு ஒரு கட்டம் இருக்கே?"

"இல்லை."

"அப்ப நான் எதில எழுதி ஆருக்கு அனுப்பிறது?" என்றாள். ஏளனமாகச் சொல்லத்தான் தொடங்கினாள், ஆனால் முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது, வரைபடத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த அவள் விரலும் வெளுத்திருந்தது. "ஊர் கை உயர்த்தினது. நான் அவிழ்க்க மாட்டன். நீர் அவிழ்த்தால் நான் காணயில்லை."

அன்று முகட்டில் பனி விழத் தொடங்கியது. கீழே மழைதான், மேலே மேகத்துக்குள் என்ன சேர்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, இடைக்கிடை பெரிய மிருகம் படுக்கையில் புரள்வது போல ஒரு சத்தம் வந்தது. நான்கு நாள் விழுந்தது. நான்காம் நாள் மதியம் மழை விட்டு வெயில் எறித்தபோது, சமையலறை யன்னலுக்கு வெளியே நூற்றுநாற்பத்தேழு வடத்தில் சாய்ந்தபடியே நின்றது. மணி ஓய்ந்து ஒரு மணிநேரமாகியும் அது நிமிரவில்லை. பத்மலோசனி கறிக்கு அரிந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உதைக் கட்டினது நீங்கள்தானே?"

"ஓம்."

"ராவெல்லாம் வாய் புலம்புறியள். பதிச்சுப் பிடி, பதிச்சுப் பிடி எண்டு. அது ஆர்?"

அவர் கதிரையில் இருந்தார். பதினாறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாத கதையை, மரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். போரின் கடைசி மாசி மாதம். வாய்க்கால் ஓரமாகப் போன ஒரு மண்பாதை. பாதைக்குக் குறுக்கே ஒரு நைலோன் கயிறு, ஒரு முனை பூவரசில், மறுமுனை அவர் கையில். சனத்தை அங்கால விட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், சனம் போய்விட்டால் பின்னால் நின்று சண்டை பிடிக்கிறவர்களுக்குக் காவல் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது, மறுத்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு பெண் வந்தாள். தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தாள். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. "தம்பி, கயித்தைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியும். நான் தாண்டிப் போறன். நீர் விட்டதா இராது, கயிறு உம்மட கையிலதானே இருக்கும்," என்றாள். அவர் பதிக்கவில்லை, கயிற்றை ஒரு விரல்கூடத் தாழ்த்தவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னேரம் அந்தப் பக்கம் பீரங்கிச் செல் விழுந்தது. அடுத்த நாள் பாதையோரத்தில் அந்த மெஷினைக் கண்டார். மெஷினை மட்டும்.

பத்மலோசனி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் கயித்தடியில நிண்டதெண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "கலியாணம் பேசேக்கையே அண்ணை சொன்னவர்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நாங்களும் ஒரு கயித்தடிக்கு வந்தனாங்கள். வேற பாதை. எங்களுக்கு ஒருத்தன் பதிச்சுப் பிடிச்சவன். மூஞ்சை தெரியாது, அவன் அங்காலை பாத்துக்கொண்டு நிண்டவன். அம்மாவும் நானும் தாண்டினனாங்கள்." அவள் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "அது நீங்களா இருக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் உங்களுக்குச் சமைச்சனான்."

அவள் மறுபடியும் யன்னலருகே போனாள். சாய்ந்து நின்ற மரத்தின் கீழ்க்கிளைக்குள் முழங்கால் உயரத்தில் மூன்று குஞ்சு மரங்கள் ஒடுங்கி நின்றன. மேலே அந்த மிருகம் மறுபடியும் புரண்டது, அலுமாரியில் கோப்பைகள் கிணுங்கின.

"கட்டை அவிழ்த்துவிட்டு வாங்கோ," என்றாள்.

"அவிழ்த்தால் எங்களுக்கு மேல ஒண்டும் நில்லாது லோசனி. முழு ஊருக்கும்."

"தெரியும்."

"நீர் வரமாட்டன் எண்டனீர்."

அவள் அடுப்பின் குமிழைப் பிடித்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கை அந்தக் குமிழில் எவ்வளவு நேரம் இருந்தது என்று அவர் எண்ணவில்லை, எண்ணத் தைரியம் வரவில்லை. பிறகு குமிழ் திரும்பியது. கொதி அடங்கியது.

"நான் பெட்டி அடுக்கிறன்," என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் ஸ்பனரோடு முன்வரிசைக்குப் போனார். நட்டு ஈரத்தில் இறுகியிருந்ததால் முதல் வடத்துக்குப் பத்து நிமிடம் பிடித்தது. வடம் கழன்ற மரம் அசையவில்லை, மணிக்காகக் காத்து நின்றது, அதன் பட்டையில் வடம் பதிந்த வட்டம் மட்டும் ஈரமாக இருந்தது. முப்பத்துமூன்றாவது மரத்தில் இருக்கும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மெல்கியோர்.

"ஊர் கை உயர்த்தினது உனக்குத் தெரியுமல்லோ?"

"தெரியும்."

"அதில என்ர கையும் ஒண்டு."

"அதுவும் தெரியும்."

"நான் உன்னைத் தடுக்கத்தான் வந்தனான்," என்றார் மெல்கியோர், தடுக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு முகட்டைப் பார்த்தார். அறுபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முகடு. இன்று அதன் தோள் வீங்கி, நேற்று இல்லாத ஒரு நீலக் கோடு, பனி பிளந்த கோடு, அதன் குறுக்கே ஓடியிருந்தது. அவர் முகத்தில் இரத்தம் வற்றியது. "என்ர அப்பர் சொல்லுவார், காட்டுக்கு மேல ஏறிப் பார்க்காதை, காடு பார்த்துக்கொள்ளும் எண்டு. காடு பார்த்துப்போட்டுது போலக் கிடக்கு."

"போவம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேட்பினம்."

"பாதிப் பேர் கேட்பினம். மற்றப் பாதி அந்தப் பாதியைப் பார்த்துப்போட்டு வரும்." அவர் திரும்பினார். "எனக்கும் அவிழ்க்க இருக்கு. பதினாறு மாடு. மணியை இண்டைக்கு நிற்பாட்டாமல் அடிக்க விடுறன். கரண்ட் மணிதானே, ஆள் நிண்டு இழுக்கத் தேவையில்லை."

பதினொரு மணிக்கு மணி தொடங்கியது, தொடங்கியது நிற்கவேயில்லை. காடு இறங்கியது. மேல்வீடுகளுக்கு இடையால், வெதுப்பகத்தின் பக்கத்தால், பள்ளிக்கூட விளையாட்டுத் திடலுக்குக் குறுக்கே, ஒரு யன்னலையும் உடைக்காமல், ஒரு பூச்சட்டியையும் தட்டாமல், கிளைகளைத் தோளோடு ஒடுக்கிக்கொண்டு காடு ஊருக்குள் புகுந்து ஊருக்குள்ளால் போனது, ஊரும் பெட்டிகளோடும் பூனைக் கூடைகளோடும் போர்வை சுற்றிய தொலைக்காட்சியோடும் வாசலுக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, மரங்கள் இடம் விட்டதும் அவற்றுக்கு நடுவே இறங்கி நடந்தது. யாரும் யாருக்கும் சொல்லாமலே பிள்ளைகள் குஞ்சு மரங்களோடு நடுவில் போனார்கள். மெல்கியோரின் பதினாறு மாடுகளும் கழுத்து மணிகள் ஆட முன்னே போயின. ரெகுலா ஊர் முடிகிற பாலத்தடியில் நின்று வெள்ளைக் கோடு போட்ட ஒவ்வொரு மரமும் தாண்டும்போது இலக்கத்தைக் குறித்தாள், நானூற்றுப் பன்னிரண்டாவது தாண்டியதும் குறிப்புப் புத்தகத்தை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்தாள். குணநாயகமும் பத்மலோசனியும் முன்வரிசையில், நூற்றுநாற்பத்தேழின் நிழலில் நடந்தார்கள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தார், ஒவ்வொரு வளைவிலும் பயந்தார்.

ஒன்றரை மணிநேரம் நடந்து கீழ் ஊரின் எல்லைக்கு வந்தபோது பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு இருந்தது.

சிவப்பு வெள்ளைக் கயிறு. ஒரு முனை ஊர்ப்பெயர்ப் பலகையில் கட்டியிருந்தது, மறுமுனையைத் தீயணைப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் பிடித்திருந்தான். நாற்பது வயதிருக்கும், தடித்த கைகள், பெயரைச் சட்டையில் தைத்திருந்தார்கள், உர்ஸ். அவனுக்குப் பின்னால் கீழ் ஊர்ச் சனம் வாசல்களில் நின்றது. காடு வருகிறது என்று அவர்களுக்கு யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.

"இதுக்கு அங்காலை விட வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம்," என்றான் உர்ஸ். "ஆக்களுக்கு மண்டபம் ஒழுங்கு செய்யலாம். எழுதிக் கேட்க வேணும். மரங்கள் ஏலாது. மரங்கள் திரும்ப வேணும். அதின்ர இடம் மேல."

"ஆர் சொன்னது?" என்று கேட்டார் குணநாயகம்.

"சொல்லியிருக்கினம்," என்றான் அவன் மறுபடியும், அந்தக் குரலைக் குணநாயகம் அறிவார், அது ஒரு காலத்தில் அவருடைய தொண்டையில் இருந்தது. அவன் கையைப் பார்த்தார். கயிற்றை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். அந்தச் சுற்றையும் அறிவார்.

அப்போது மேலே மணி நின்றது.

ஓய்ந்து ஓய்ந்து நிற்கவில்லை. ஒரு அடியின் நடுவில், வாயைப் பொத்தியது போல நின்றது. மாடுகள் பதினாறும் காதைத் தூக்கி அப்படியே நின்றன, ஒரு கழுத்து மணியும் அசையவில்லை. மரங்கள் நின்றன. ஆயிரக்கணக்கான வேர்கள் நிலத்தில் பட்டபடி, அடுத்த காலடிக்கு ஒரு மணியும் இல்லாமல் காடு பாதை நிறைய நின்றது. பிறகு காற்று வந்தது, குளிர்ந்த காற்று, அதற்குப் பின்னால் அந்தச் சத்தம். குணநாயகம் திரும்பவில்லை. உர்ஸின் கண்கள் அவர் தலைக்கு மேலால் உயர்ந்து, உயர்ந்து, அகன்றதைப் பார்த்தார், அந்த இரண்டு கண்களுக்குள்ளும் வெள்ளையாக ஒன்று எழும்புவதைப் பார்த்தார், பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிட்டார். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள், பனிக்குள் போன ஒரு வீட்டின் பெயரை.

அவர் முன்னே போய்க் கயிற்றடியில் நின்றார். பத்மலோசனியின் கை அவர் முதுகில் இருந்தது, தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை.

"கயித்தைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ," என்றார் உர்ஸிடம். "விட வேண்டாம். நீங்கள் விட்டதா இராது. கயிறு உங்கட கையிலதானே இருக்கும்."

உர்ஸ் அவரைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான்.

கயிறு பதிந்ததா இல்லையா என்று குணநாயகம் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் கால் எழும்பாது என்று அவருக்குத் தெரியும். நேரே பார்த்தபடி வலது காலைத் தூக்கினார். அந்தக் கால் இன்னும் நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்போதே, ஒரு மணியும் எங்கும் அடிக்காத அந்த அமைதிக்குள், தன் முதுகுக்குப் பின்னால், பழைய சாக்கைக் கிழிப்பது போல, முதல் வேர் நிலத்தை விட்டு எழும்பும் சத்தம் அவருக்குக் கேட்டது.